இரண்டு டிஸ்க்கில் ஒன்று செத்தால் உங்களுக்கு யார் சொல்வார்கள்?

வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. உபுண்டு சர்வர். சிஸ்டம் ஒரு சின்ன எஸ்எஸ்டியில் இருக்கிறது. ஸ்கேன் படங்களும் ரிப்போர்ட்டுகளும் 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றில். மற்ற மெஷின்கள், நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் சாம்பா வழியாக அதில் எழுதுகின்றன. இப்போது இன்னொரு 4 டிபி வாங்கியாகிவிட்டது. டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு கார்டு வாங்காமல் சாஃப்ட்வேரிலேயே மிரர் (ஒரே டேட்டா இரண்டு டிஸ்க்கிலும் இருப்பது) போடலாமா, இருக்கிற டேட்டா போகாமல் எப்படிப் போடுவது, போட்ட பிறகு என்ன பராமரிப்பு, செத்த டிஸ்க்கை என்ன செய்வது?

தாராளமாகப் போடலாம். கார்டு வேண்டாம். கார்டு செத்தால் அதே குடும்பத்துக் கார்டு கிடைத்தால்தான் டிஸ்க்கைப் படிக்க முடியும் என்ற நிலை வரும். அதைத் தேடிச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு பஸ் ஏற வேண்டியிருக்கும், அங்கும் பழைய மாடல் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் எம்டி என்ற மிரர் வசதியில் அந்தத் தொல்லை கிடையாது. டிஸ்க்கைக் கழற்றி லினக்ஸ் ஓடும் எந்தப் பெட்டியில் மாட்டினாலும், எம்டியை இயக்கும் எம்டிஏடிஎம் கருவியில் அசெம்பிள் கமாண்ட் கொடுத்தால் எழுந்து நிற்கும். மதர்போர்டு பயாஸில் ரெய்டு என்று ஓர் ஆப்ஷன் தெரியும், அதையும் தொட வேண்டாம். பெரும்பாலும் அதுவும் டிரைவர் செய்யும் சாஃப்ட்வேர் வேலைதான், ஆனால் அந்த போர்டோடு கட்டிப்போட்டுவிடும்.

சிஸ்டம் இருக்கும் எஸ்எஸ்டியை மிரர் செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து. அது போனால் புது எஸ்எஸ்டியில் உபுண்டு போட்டு, செட்டிங்குகள் இருக்கும் இட்சி (/etc) ஃபோல்டரின் நகலைப் பார்த்து சாம்பா செட்டிங்கைத் திருப்பிப் போட ஒரு மாலை நேரம் போதும். பூட் டிஸ்க்கை மிரர் செய்யப் போனால் சர்வரை எழுப்பும் யூஇஎஃப்ஐ பார்டிஷன், கிரப் என்று தனிச் சிக்கல்கள் வரும். உங்கள் அளவுக்கு அது அவசியமில்லை.

போடும் முறைக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மிரரைப் பற்றி நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனி ஆபீஸில் கூப்பிட்டார்கள். மிரர் போட்ட சர்வர், இரண்டு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் போய்விட்டது என்றார்கள். எம்டிஏடிஎம்மில் எக்ஸாமின் என்று ஒரு கமாண்ட் உண்டு. ஒவ்வொரு டிஸ்க்கிலும் மிரர் தன் குறிப்பைக் கடைசியாக எப்போது எழுதியது என்ற தேதியை அது காட்டும். ஒரு டிஸ்க்கில் ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம். இன்னொன்றில் ஜூலை, அதாவது ஆடி மாதம். ஆக, ஒரே நேரத்தில் போகவில்லை. ஆடியில் ஒரு டிஸ்க் வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. அப்புறம் ஆறு மாதம் ஒற்றை டிஸ்க்கில் ஆபீஸ் ஓடியிருக்கிறது. வேகம் குறையவில்லை, யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஆடியில் நின்ற டிஸ்க் பிறகும் படிக்கக் கிடைத்தது. அதுவரையிலான கணக்கு மீண்டது, மீதியைக் காகித பில்களைப் பார்த்து மறுபடி அடித்தார்கள்.

மிரர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொண்டது. வேலை நிற்காததால்தான் டிஸ்க் போனதே வெளியே தெரியவில்லை. லாரியில் ஸ்டெப்னி மாட்டி ஓட்டிக்கொண்டு, பஞ்சரான டயரை ஒட்டக் கொடுக்காமலே இருந்தது மாதிரி. ஆகவே கீழே சொல்லும் வேலைகளில் எதை விட்டாலும், தகவல் சொல்லும் ஏற்பாட்டை மட்டும் விடாதீர்கள்.

சரி, டிஸ்க்குக்கு வருவோம். ஒன்று பழையது, ஒன்று புதியது என்பது நல்லதே. ஒரே நாளில் ஒரே பேட்சில் வாங்கிய இரண்டு டிஸ்க்குகள் ஒரே மாதிரி தேய்ந்து அடுத்தடுத்துச் சாகும் வாய்ப்பு உண்டு. பெட்டியில் மாட்டும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, புதிய டிஸ்க் எஸ்எம்ஆர் வகையா என்று மாடல் நம்பரை வைத்துத் தேடுங்கள். எஸ்எம்ஆரில் டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். தொடர்ந்து பல மணி நேரம் எழுதும்போது திணறும். மிரரை மறுபடி கட்டும் நாளில் அது மிக மெதுவாகப் போகும், சில சமயம் வெளியேயும் தள்ளப்படும். முடிந்தால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, படிக்க முடியாத இடம் வந்தால் டிஸ்க் எவ்வளவு நேரம் முயற்சி செய்யும் என்பது. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்டுப்போன செக்டரை ஒரு நிமிடத்துக்கு மேல்கூட முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸ் கெர்னல் 30 நொடி பார்க்கும், பதில் வராவிட்டால் இணைப்பையே ரீசெட் செய்துவிடும். அதோடு முழு டிஸ்க்கும் மிரரிலிருந்து வெளியே போகலாம். நாஸ் (நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி) வகை டிஸ்க்குகள் ஏழு நொடியில் முடியாது என்று சொல்லிவிடும். உடனே எம்டி மற்ற டிஸ்க்கிலிருந்து அந்தப் பகுதியைப் படித்துக் கெட்ட இடத்தில் திருப்பி எழுதும், நோய் அங்கேயே தீரும். டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் எஸ்சிடிஇஆர்சி ஆப்ஷன் கொடுத்து உங்கள் டிஸ்க் இதை ஏற்கிறதா என்று பாருங்கள். ஏற்றால் 70 என்று வையுங்கள், நொடியின் பத்தில் ஒரு பங்குதான் அதன் அளவு. பல டிஸ்க்குகள் கரண்ட் போய் வந்தால் இதை மறந்துவிடும், அதனால் ஒவ்வொரு பூட்டிலும் ஓடும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டில் போடுங்கள். ஏற்காத டிஸ்க் என்றால் கெர்னலின் 30 நொடியை 180 ஆக உயர்த்துங்கள்.

இப்போது மிரர் கட்டும் வேலை. முதலில் இருக்கிற டேட்டாவை வெளியே ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் நகல் எடுங்கள். இது இல்லாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். அப்புறம், இரண்டு டிஸ்க்கையும் ஒரேயடியாகச் சேர்த்துப் புதிய மிரர் உருவாக்கி ஃபார்மட் செய்தால் பழைய டேட்டா அழிந்துவிடும். அதனால் பாதி மிரராகத் தொடங்க வேண்டும். புதிய டிஸ்க்கில் ஜிபிடி பார்டிஷன் போடுங்கள், ஆனால் டிஸ்க் முழுவதையும் எடுக்காமல் கடைசியில் சில நூறு எம்பி விட்டுவிடுங்கள். 4 டிபி என்று எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்பின் இருக்கலாம். நாளைக்கு மாட்டும் டிஸ்க் இம்மியளவு சிறியதாக இருந்தாலும் எம்டி அதைச் சேர்த்துக்கொள்ளாது. பிறகு எம்டிஏடிஎம்மில் கிரியேட், லெவல் 1 (அதாவது மிரர்), டிவைஸ் எண்ணிக்கை 2 என்று கொடுத்து, முதல் இடத்தில் புதிய டிஸ்க்கின் பார்டிஷனையும் இரண்டாவது இடத்தில் மிஸ்ஸிங் என்ற சொல்லையும் போடுங்கள். ஒற்றைக் காலில் நிற்கும் மிரர் தயார்.

அதில் எக்ஸ்ட்4 போட்டு, பழைய டிஸ்க்கிலிருந்து ஆர்சிங்க்கில் நகலெடுங்கள். மெஷின்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே முதல் சுற்று ஓடலாம். கடைசிச் சுற்று மட்டும் இரவில், சாம்பாவை நிறுத்திவிட்டு. முடிந்ததும் ஆர்சிங்க்கை செக்சம் ஒப்பீட்டோடு, எதையும் எழுதாத டிரை ரன்னாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்த வித்தியாசமும் காட்டாவிட்டால் எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் இணைப்பது என்று எழுதியிருக்கும் எஃப்எஸ்டாப் ஃபைலில் புதிய மிரரின் யூயூஐடியை (அடையாள எண்ணை) போட்டு, சென்டரை இரண்டு மூன்று நாள் அதிலேயே ஓட்டுங்கள். ரேடியாலஜிஸ்ட் பழைய படங்களைத் திறக்கட்டும், ரிசப்ஷனில் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்கட்டும். எல்லாம் சரி என்று ஆன பிறகே பழைய டிஸ்க்கில் அதே அளவு பார்டிஷன் போட்டு, எம்டிஏடிஎம்மில் ஆட் (சேர்) கமாண்ட் கொடுக்க வேண்டும். அந்த நொடியில் பழைய டேட்டா போய்விடும், புதியதிலிருந்து பழையதற்கு எழுதத் தொடங்கும். நொடிக்கு 150 எம்பி வேகம் என்று வைத்தால் 4 டிபிக்கு ஏழரை மணி நேரம். அதுவரை சர்வரை உபயோகிக்கலாம்.

இடையில் ஒரு சின்ன விஷயம். எஃப்எஸ்டாப்பில் நோஃபெயில் போடச் சொல்வார்கள், டிஸ்க் வராவிட்டாலும் சர்வர் எழ வேண்டும் என்பதற்காக. போடுங்கள். ஆனால் மிரர் மவுண்ட் ஆகாத, அதாவது ஃபோல்டரோடு இணையாத அன்று, சாம்பா அந்த வெற்று ஃபோல்டரையே பகிர்ந்துகொண்டிருக்கும். ஸ்கேன் மெஷின் படங்களை எஸ்எஸ்டியில் கொட்டும், அது நிரம்பும் வரை ஒருவருக்கும் தெரியாது. இதைத் தடுக்க, மவுண்ட் செய்யாத நிலையில் அந்த ஃபோல்டருக்கு சிஎச்ஏடிடிஆர் கமாண்டில் பிளஸ் ஐ கொடுத்துப் பூட்டிவிடுங்கள். மவுண்ட் ஆகியிருந்தால் மட்டுமே எழுத முடியும்.

எம்டிஏடிஎம்மில் டீடெய்ல், ஸ்கேன் இரண்டும் கொடுத்து வரும் வரியை எம்டிஏடிஎம் டாட் கான்ஃபில் சேர்த்து, பூட்டின் முதல் கட்டத்தில் ஓடும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் அப்டேட் செய்யுங்கள். இதை விட்டால் அடுத்த பூட்டில் எம்டி0 என்பது எம்டி127 ஆகி வரும். டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பார்ப்பவருக்குப் பதற்றம்.

நிலைமையைப் பார்க்கும் இடம் ப்ராக் (/proc) ஃபோல்டரில் இருக்கும் எம்டிஸ்டாட் ஃபைல். சதுர அடைப்புக்குறிக்குள் இரண்டு யூ எழுத்து அடுத்தடுத்து நின்றால் இரண்டும் உயிரோடு இருக்கின்றன. ஒரு யூவுக்குப் பதில் அடிக்கோடு இருந்தால் ஒரு டிஸ்க் இல்லை. டிஸ்க் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறியில் எஃப் இருந்தால் அதுதான் செத்தது. திரையில் இவ்வளவு சின்னதாக, ஓர் அடிக்கோடாகத் தெரிவதைத் தினமும் யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். அந்தத் தோல் கம்பெனியிலும் ஆறு மாதமும் அந்த அடிக்கோடு அங்கே இருந்திருக்கும்.

அதனால் எம்டிஏடிஎம்மின் மானிட்டர் சேவையை முடுக்கி, கான்ஃப் ஃபைலில் மெயில்அட்ர் வரியில் உங்கள் முகவரியைப் போடுங்கள். ரூட் என்று விட்டுவைத்தால் மெயில் சர்வருக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே மெயில் போக போஸ்ட்ஃபிக்ஸோ எம்எஸ்எம்டிபியோ வேண்டும். ஜிமெயில் வழியாக அனுப்பினால் ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். மெயில் பார்க்கும் பழக்கம் இல்லாத இடம் என்றால், ப்ரோகிராம் என்ற இன்னொரு வரியில் ஒரு ஸ்கிரிப்ட்டைக் காட்டலாம். டிஸ்க் விழுந்ததும் எம்டி அதை ஓட்டும், அது டெலிகிராமுக்குச் செய்தி அனுப்பட்டும். உங்களுக்கு மட்டும் போகாமல் மேனேஜருக்கும் போகட்டும். நீங்கள் வேறு வேலைக்குப் போன பிறகும் சென்டர் இருக்கும்.

போட்டதோடு விடாமல், மானிட்டர் கமாண்டில் டெஸ்ட், ஒன்ஷாட் கொடுத்து மெயில் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் நிஜ ஒத்திகை: மிரர் முழுதாகக் கட்டி முடிந்த ஒரு ஞாயிறு, ஒரு டிஸ்க்கை ஃபெயில் கமாண்டில் நீங்களே விழ வையுங்கள். போனுக்குச் செய்தி வர வேண்டும். சாம்பாவில் பகிர்ந்த ஃபோல்டர் திறக்க வேண்டும். பிறகு ரிமூவ் கொடுத்து, ரீ-ஆட் கொடுங்கள். 100 ஜிபிக்கு மேற்பட்ட மிரருக்குப் பழைய எம்டிஏடிஎம் தானாகவே பிட்மேப் வைக்கும், புதிய பதிப்புகள் வைக்கவா என்று கேட்கும், சரி என்று சொல்லியிருக்க வேண்டும். எந்தெந்தப் பகுதியில் எழுதினோம் என்ற குறிப்பு அது. அதனால் ஏழரை மணி நேரம் ஆகாது, மாறிய பகுதி மட்டும் சரியாகிக் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். கரண்ட் திடீரென்று போய் எழுந்தாலும் இதே பிட்மேப்தான் காப்பாற்றும்.

மாதப் பராமரிப்பில் நம் ஊருக்கே உரிய விஷயம் ஒன்று இருக்கிறது. டெபியன், உபுண்டு இரண்டிலும் மிரரை முழுதாகப் படித்து ஒப்பிடும் சோதனை மாதத்தின் முதல் ஞாயிறு வாக்கில் தானாகத் தொடங்கும். நல்ல ஏற்பாடு, நிறுத்தாதீர்கள். வருடக்கணக்கில் யாரும் திறக்காத படங்கள் இருக்கும் மூலைகளில் கெட்ட செக்டர் இருந்தால், மற்ற டிஸ்க் நன்றாக இருக்கும்போதே கண்டுபிடித்துச் சரிசெய்யும். அசாமிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ சிகிச்சைக்கு வந்து போனவர் ஒரு வருடம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்து பழைய ஸ்கேனைக் கேட்பது வேலூரில் அன்றாடம் நடப்பது. அந்தப் பழைய மூலைகள்தான் உங்களுக்கு முக்கியம்.

ஆனால் சனி இரவு சென்டரைப் பூட்டும்போது ஏசியை அணைத்துவிட்டுப் போவார்கள். மே மாதம், கத்திரி வெயில், பகலில் 40 டிகிரியைத் தாண்டி, கான்கிரீட் கூரை ராத்திரியிலும் கக்கிக்கொண்டிருக்கும் சூடு. மூடிய சின்ன அறையில் இரண்டு டிஸ்க்கும் பல மணி நேரம் முழு வேகத்தில் சுற்றும். பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குக்குத் தயாரிப்பாளர் சொல்லும் மேல் எல்லையே 60 டிகிரிதான், 45ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்லது. கோடையில் அந்தச் சோதனையின் வேக எல்லையைக் குறையுங்கள். ஸ்பீட் லிமிட் மேக்ஸ் வழக்கமாக 200000, அதாவது நொடிக்கு 200 எம்பி வாக்கில் இருக்கும். 60000 வைத்தால் நேரம் கூடும், சூடு குறையும். அல்லது அறைக்கு ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் போடச் சொல்லுங்கள். நான் இரண்டையும் செய்வேன்.

இந்தச் சோதனை இரண்டு டிஸ்க்கும் ஒத்துப்போகவில்லை என்று எண்ணிக்கை காட்டினால், எது சரியான நகல் என்று எம்டிக்குத் தெரியாது. ரிப்பேர் கொடுத்தால் ஒன்றை மற்றதன்மேல் எழுதிவிடும், அவ்வளவுதான். அதனால் எண்ணிக்கை வந்தால் முதலில் ரேம், கேபிள், பவர் சப்ளையைச் சந்தேகப்படுங்கள்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதில் பார்க்க வேண்டியவை நான்கைந்து எண்கள்தான். 5, 197, 198 மூன்றும் செக்டர் கெடுவதைச் சொல்பவை. பூஜ்யத்திலிருந்து நகர்ந்து ஏறிக்கொண்டே போனால் அடுத்த டிஸ்க்கை வாங்கி வையுங்கள். 199 ஏறினால் குற்றம் பெரும்பாலும் சாட்டா கேபிளில், டிஸ்க்கை மாற்றாமல் முதலில் கேபிளை மாற்றுங்கள். 194 வெப்பம். வாரம் ஒரு லாங் டெஸ்ட் ஓடும்படி, பின்னணியில் இதைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்டியில் எழுதிவிடுங்கள், மிரர் சோதனை ஓடும் இரவாக அது இருக்க வேண்டாம்.

யூபிஎஸ் இருக்கும், ஆனால் யூஎஸ்பி வயர் சர்வரில் மாட்டியிருக்கிறதா? மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தினால் பிற்பகல்தான் வரும், யூபிஎஸ் பேட்டரி அதுவரை தாங்காது. யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் மென்பொருளைப் போட்டு, பேட்டரி இறங்கும்போது சர்வர் தானாக ஒழுங்காக அணையும்படி செய்யுங்கள்.

டிஸ்க் மாற்றும் நாள்தான் ஆபத்தான நாள். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீர்கள், ஒரு ரீபூட்டில் மாறிவிடும். இன்றே இரண்டு டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதி, பெட்டியைத் திறந்ததும் தெரியும்படி டிஸ்க்கின் ஓரத்தில் ஒட்டுங்கள். ஒன்று செத்திருக்கும்போது உயிரோடு இருப்பதைக் கழற்றிவிட்டால் சென்டரே நின்றுவிடும். புதிய டிஸ்க் சேர்த்ததும் மிச்சமிருக்கும் ஒரே டிஸ்க்கை முதல் செக்டரிலிருந்து கடைசி வரை படிக்கப் போகிறோம், ஆகவே அதற்கு முன் பேக்கப்பைப் புதுப்பித்துவிடுங்கள். பார்டிஷன் அமைப்பை நகலெடுக்க எஸ்ஜிடிஸ்க்கில் பெரிய ஆர் ஆப்ஷன் இருக்கிறது. அதில் ஆருக்கு அடுத்து வருவது எழுதப்படும் டிஸ்க், கடைசியில் வருவது மூலம். இதை மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க்கின் அமைப்பு நல்ல டிஸ்க்கின்மேல் எழுதப்படும். என்டர் தட்டும் முன் சீரியல் நம்பரோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். நகலெடுத்த பிறகு பெரிய ஜி கொடுத்து அடையாள எண்களை மாற்றிவிடுங்கள்.

டிஸ்க் இன்னும் சாகவில்லை, எண்கள் மட்டும் ஏறுகின்றன என்றால் அதைக் கழற்றாதீர்கள். பெட்டியில் மூன்றாவது டிஸ்க்குக்கு இடமிருந்தால் புதியதை ஸ்பேராகச் சேர்த்து, எம்டிஏடிஎம்மின் ரீப்ளேஸ் கமாண்டைக் கொடுங்கள். புதியது முழுதாகத் தயாரான பிறகே பழையது விலகும். நடுவில் ஒரு நிமிடம்கூட ஒற்றை டிஸ்க்கில் நிற்க வேண்டியதில்லை.

பேக்கப் வேறு, மிரர் வேறு. ஒருவர் தவறாக ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அழியும். ரிசப்ஷன் விண்டோஸ் மெஷினில் ரான்சம்வேர் புகுந்தால் சாம்பா வழியாக இரண்டையும் பூட்டும். இரண்டு யூஎஸ்பி டிஸ்க் வைத்து, ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளில் இரவில் எடுத்து, வாரம் மாற்றி ஒன்று உரிமையாளர் வீட்டில் இருக்கட்டும்.

கடைசியாக, செத்த டிஸ்க்கை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அது நோயாளிகளின் படங்கள் உள்ள டிஸ்க். மிரரில் ஒவ்வொரு டிஸ்க்கும் முழு நகல், ஒன்றை மட்டும் எடுத்தாலே எல்லாம் படிக்கலாம். காயலான் கடைக்கு அப்படியே போடக் கூடாது. எழுத முடிகிற நிலையில் இருந்தால் ஷ்ரெட் கமாண்டில் முழுதும் மேலெழுதிவிட்டு வாரண்டிக்கு அனுப்புங்கள். எழுத முடியாவிட்டால் வாரண்டியை மறந்துவிட்டு, டிரில்லிங் மெஷினில் தட்டுகளில் நாலைந்து இடத்தில் ஓட்டை போடச் சொல்லுங்கள். இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு, ஆனால் ஃபார்மட் செய்வதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்: மிரருக்கும் எக்ஸ்ட்4க்கும் நடுவில், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் லக்ஸ் குறியாக்கம். சாவி ஃபைல் எஸ்எஸ்டியில் இருக்கட்டும், கரண்ட் வந்ததும் யாரும் பாஸ்வேர்டு அடிக்காமலே சர்வர் எழும். செத்த டிஸ்க்கைத் தயங்காமல் திருப்பி அனுப்பலாம். எஸ்எஸ்டி போனாலும் திறக்க வேண்டுமே, அதனால் சாவி ஃபைலின் நகலையும் லக்ஸ் ஹெடரின் நகலையும் பென் டிரைவில் எடுத்து உரிமையாளரின் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.